தீர்ப்பை மாற்றச் சொன்னவர்

1994இல் வந்த ‘நாட்டாமை’ படத்தில், தீர்ப்பைக் கேட்டுப் பொறுக்காமல் அதை மாற்றச் சொல்லிக் கத்தும் ஒருவர் உண்டு. விஜயகுமாரும் சரத்குமாரும் பேசிய வசனமெல்லாம் மறந்துபோனவர்களுக்கும் அந்தக் குரல் ஞாபகம் இருக்கும். கம்போங் ராஜாவிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் இன்னும் அதைக் கேலிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இருக்கட்டும். சட்ட மொழியில் அவர் கேட்டது மேல்முறையீடு. அது ஏன் நமக்குச் சிரிப்பாக இருக்கிறது?

படத்தின் கதையே மேல்முறையீடு இல்லாததால்தான் நகர்கிறது. நாட்டாமை சண்முகம் தன் தம்பியைக் குற்றவாளி என்று நம்பி 10 வருடம் தள்ளி வைக்கிறார். பிறகு உண்மை தெரிகிறது. தப்பான தீர்ப்பு சொல்லிவிட்டோமே என்று அவர் உயிர் போகிறது. சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இது புதுசில்லை. பாண்டியன் நெடுஞ்செழியனும் அப்படித்தான் செத்தான். கண்ணகி வாதாடவில்லையா என்று கேட்கலாம். வாதாடினாள், கோவலன் வெட்டுப்பட்ட பிறகு. ரெண்டு கதையிலும் தப்பைத் திருத்தும் இடம் தீர்ப்பு சொன்னவரின் மனசாட்சிதான். அது விழிக்கவே இல்லையென்றால் என்ன செய்வது என்று நாம் கேட்டுப் பழகவில்லை.

காலனி அரசும் இந்த நாட்டாமையை நம்பியது. மதராஸில் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816இல் வந்த சட்டங்கள் கிராமத் தலைவரையே முன்சீப் ஆக்கின. 10 ரூபாய் வரையிலான வழக்கு அவர் கையில். அதே வருடத்துப் போலீஸ் சட்டம், சில்லறைக் குற்றத்துக்குத் தாழ்ந்த சாதிக்காரரை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டிவைக்கும் அதிகாரத்தையும் கிராமத் தலைவருக்குக் கொடுத்தது. மற்றச் சாதிக்காரருக்கு அந்த அவமானம் கிடையாது. நாம் திரையில் கைதட்டும் ஆலமரத்தடிக்குப் பக்கத்தில் இந்த மரமும் இருந்தது. நம் கேமரா அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

1888ஆம் ஆண்டின் மதராஸ் கிராம நீதிமன்றச் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. லஞ்சம், பாரபட்சம், அப்பட்டமான அநியாயம் என்று காட்டினால் மாவட்ட முன்சீப் தீர்ப்பை ரத்து செய்யலாம். 60 நாளுக்குள் மனு போடவேண்டும். சட்டத்தில் 60 நாள் சரி. ஆனால் கிராமத் தலைவர்மேல் மனு போட்டவன் மறுநாளே அதே தெருவில் நடந்தாக வேண்டும், அதே கிணற்றில் தண்ணீர் எடுத்தாக வேண்டும்.

மலாயாவில் நாட்டாமை வேலையைப் பெங்ஹூலு பார்த்தார். 1948ஆம் ஆண்டின் கீழ்நிலை நீதிமன்றங்கள் சட்டத்தில் அவருக்கென்று தனி நீதிமன்றமே இருந்தது. 50 வெள்ளிக்குள் உள்ள கடன் வழக்கை விசாரிக்கலாம். ரெண்டு தரப்பும் மலாய் பேசிப் புரிந்துகொள்கிற ஆசியராக இருக்கவேண்டும். குற்ற வழக்கில் 25 வெள்ளிக்கு மேல் அபராதம் கிடையாது. தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் மேல்முறையீடு செய்யலாம். 2010இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்ததும்தான் அந்த நீதிமன்றம் மறைந்தது.

25 வெள்ளி அபராதத்துக்கே மேலே ஒருவரைப் போய்ப் பார்க்க வழி வைத்திருந்தார்கள். தோட்டத்துத் தமிழனுக்கு? லயத்துத் தகராறு கங்காணியிடம் போகும், அங்கே தீராவிட்டால் துரையிடம். காகிதத்தில் தொழிலாளர் இலாகா இருந்தது, கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டும் இருந்தார். ஆனால் யார்மேல் புகாரோ அவரிடம்தான் வேலையும் இருந்தது, வீடும் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். இந்த நிலையில் மேல்முறையீடு எவ்வளவு தூரம் என்பதை மைல் கணக்கில் சொல்லமுடியாது.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதனின் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. எனக்கு அதுதான் பெரிசு. சம்பளத்தைக் கேட்கும்போதே, கேட்பதற்கான உரிமையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். அரசு பட்டாளத்தை அனுப்பியது, நாதனை நாடு கடத்தியது.

நம் படங்களும் கதைகளும் சொம்பு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தே பழகிவிட்டன. அவர் மீசையை, குரலை, தியாகத்தைப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. எதிரே கைகட்டி நிற்பவன் தீர்ப்பைக் கேட்டபிறகு என்ன யோசித்தான், மனுவை யாரிடம் எழுதச் சொன்னான், எழுதிக் கொடுத்தவனுக்கு என்ன ஆனது? மலேசியத் தமிழ் நாவலுக்கு இதில் வேண்டிய அளவு கதை இருக்கிறது. எழுத வருகிறவர் முதலில் அந்த மனுக்காரனைப் பார்த்துச் சிரிப்பதை விடவேண்டும்.