சினிமா மாற்றிய சீருடை

டாமி லீ ஜோன்ஸ் 2005இல் இயக்கி நடித்த ‘தி த்ரீ பரியல்ஸ் ஆஃப் மெல்கியாடெஸ் எஸ்ட்ராடா’ எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. கான் திரைப்பட விழாவில் ஜோன்ஸுக்குச் சிறந்த நடிகர் விருதையும், கில்லெர்மோ அரியாகாவுக்குச் சிறந்த திரைக்கதை விருதையும் வாங்கித் தந்த படம். அமெரிக்க-மெக்சிகோ எல்லையைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் இவ்வளவு நிதானமானவை குறைவு. ஆனால் அது பிறந்த உண்மைச் சம்பவத்தை அறிந்தபின் படத்தைப் பார்த்தால், ஒரு விஷயம் நெருடிக்கொண்டே இருக்கிறது. கொன்றவனின் சீருடையைப் படம் மாற்றிவிட்டது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1997 மே 20, மாலை நேரம். டெக்ஸாஸ் மாநிலத்தின் ரெட்ஃபோர்ட், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் சுமார் நூறு பேர் வசிக்கும் ஊர். எசெக்கியேல் எர்னாண்டஸ் அங்கே உயர்நிலைப்பள்ளி மாணவன். 18 வயது நிறைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அமெரிக்கக் குடிமகன். வழக்கம்போல வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு போனான், கையில் ஒரு பழைய .22 துப்பாக்கி. ஆடு மேய்ப்பவன் கையில் நம்மூரில் கம்பு இருப்பதுபோல அங்கே அது.

புதருக்குள் நான்கு அமெரிக்க மரீன்கள் பதுங்கியிருந்தார்கள். சாக்குத் துணியும் இலைதழையும் கோர்த்த மறைப்பு உடை. போதைப்பொருள் கடத்தலைக் கண்காணிக்க, எல்லைக் காவல்துறைக்கு ‘உதவியாக’ அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் அங்கிருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. பையன் தங்களை நோக்கி இரண்டு முறை சுட்டான் என்பது மரீன்களின் வாக்குமூலம். நாயையோ நரியையோ விரட்டச் சுட்டிருப்பான் என்பது ஊர்க்காரர்களின் பேச்சு. அதன்பின் சுமார் இருபது நிமிடம் மறைந்து மறைந்து அவனைப் பின்தொடர்ந்தார்கள். அவன் மறுபடியும் துப்பாக்கியை உயர்த்தினான் என்று சொல்லி, ஒரு கார்ப்பரல் தன் எம்-16ஆல் ஒரே ஒரு முறை சுட்டார். தோட்டா உடலின் வலப்பக்கமாக நுழைந்திருந்தது. அப்படியென்றால் அவன் அவர்களைக் குறிபார்த்துக்கொண்டா நின்றான் என்ற கேள்வி அன்றே எழுந்தது. தன்னைச் சுட்டவர்களை அவன் கடைசி வரை பார்த்தானா என்பதே சந்தேகம்.

அந்த இருபது நிமிடத்தில் யாரும் “யாருப்பா அது?” என்று குரல் கொடுக்கவில்லை.

உள்ளூர் கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டுப் பதிய மறுத்தது. 1998இல் அரசு குடும்பத்துக்கு 19 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. மரீன் படையின் உள்விசாரணையே அந்த வேலைக்கான பயிற்சி போதவில்லை என்று சொன்னது. நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்றும் விசாரித்தது. அதன் தலைவர் லமார் ஸ்மித், குடியேற்றத்தில் கறாரான குடியரசுக் கட்சிக்காரர். அவருடைய அறிக்கையும் அரசுத் துறைகளைக் கடுமையாகச் சாடியது. எல்லையில் ஆயுதமேந்திய தரைப்படைக் கண்காணிப்பு நிறுத்தப்பட்டது. யாரும் சிறைக்குப் போகவில்லை.

இப்போது படத்துக்கு வருவோம். மெல்கியாடெஸ் ஆவணங்கள் இல்லாத மெக்சிகோ மாடுமேய்ப்பன். ஆடுகளை நெருங்கும் கயோட்டி நரியை நோக்கி அவன் சுட, தன்மீதுதான் சுடுகிறார்கள் என்று எண்ணிப் பதிலுக்குச் சுடுகிறான் மைக் நார்ட்டன். ஆடு, நரி, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வெடிச்சத்தம் எல்லாம் ரெட்ஃபோர்டிலிருந்து வந்தவை. ஆனால் நார்ட்டன் மரீன் அல்ல, எல்லைக் காவல்துறை ஆள். அதிலும் மட்டமான ஆள். தப்பி ஓடும் பெண்ணின் மூக்கை உடைக்கிறான். சுடும் நேரத்தில்கூட வேலையில் கவனமில்லை, கையில் ஆபாசப் பத்திரிகை. ஷெரீஃப் விஷயத்தை மூடப் பார்க்கிறார். செத்தவனின் நண்பன் பீட் (ஜோன்ஸ்) நார்ட்டனைக் கடத்தி, பிணத்தைத் தோண்டவைத்து, மெக்சிகோவரை சுமக்கவைக்கிறான். கடைசியில் நார்ட்டன் உடைந்து அழுது மன்னிப்புக் கேட்கிறான்.

நாடகமாக இது பிரமாதம். இரண்டாம் பாதியில் ஓர் இடம் உண்டு. பாம்பு கடித்த நார்ட்டனுக்கு மருந்து வைத்துக் காப்பாற்றுபவள் அவன் மூக்கை உடைத்த அதே பெண். காப்பாற்றி முடித்ததும் பதிலுக்கு அவன் மூக்கை உடைக்கிறாள். கணக்கு நேர். படத்தின் அறம் முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. குற்றத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், அவன் தோளில் பிணத்தை ஏற்றலாம், அவன் மாறுவான்.

ரெட்ஃபோர்டில் பிணத்தை யார் தோளில் ஏற்றுவது?

இதற்குப் பதில் தேட வேண்டுமென்றால் இன்னொரு படத்தைப் பார்க்க வேண்டும். கீரன் ஃபிட்ஸ்ஜெரால்ட் இயக்கிய ‘தி பாலட் ஆஃப் எசெக்கியேல் எர்னாண்டஸ்’ என்ற ஆவணப்படம், 2008இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வெளியானது. பின்னணிக் குரல் அதே டாமி லீ ஜோன்ஸ். கலையாக இது சாதாரணமான படம்தான். பேட்டிகள், பழைய புகைப்படங்கள், நிலக்காட்சிகள், அவ்வளவுதான். ஆனால் அன்று கூட இருந்த மரீன்கள் இதில் பேசுகிறார்கள். அவர்களில் நார்ட்டன் இல்லை. ஒழுங்கான இளைஞர்கள், சொன்ன வேலையைச் செய்தவர்கள், சம்பவம் இன்னும் உள்ளே உறுத்துபவர்கள். நான் வில்லனைத் தேடித்தேடிப் பார்த்தேன். பயிற்சி பெற்றவர்கள் பயிற்சிப்படி நடந்துகொண்டது மட்டுமே தெரிந்தது. புனைவை விட எனக்கு இதுதான் பயங்கரமாக இருக்கிறது. பெரிய படம் நமக்குத் தரும் ஆறுதலைச் சின்னப் படம் தர மறுக்கிறது.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இது பழக்கமான சிக்கல். ஒரு சூழலுக்காக எழுதிய நிரலை வேறொரு சூழலில் ஓட்டினால், அதில் ஒரு பிழைகூட இல்லாமலே நாசம் விளையும். ராணுவப் பயிற்சியின் அடிப்படைக் கேள்வி ‘அச்சுறுத்தலா, இல்லையா?’ என்பது. தாமதமான பதில் போர்க்களத்தில் உயிரை வாங்கும். எனவே சந்தேகம் வந்தால் ஆபத்து என்றே கொள்ளச் சொல்லித்தருகிறார்கள், அது சரியும்கூட. காவலரின் முதல் கேள்வி வேறு: ‘நீ யார்?’ அதைக் கேட்க அவர் வெளியே வர வேண்டும், தன்னை இன்னார் என்று காட்ட வேண்டும். பதுங்கியிருப்பவனின் தொழிலோ தன்னைக் காட்டாமலிருப்பது.

குடியேற்றச் சட்டத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. அது ஆவணம் சார்ந்த சட்டம். விசா காலம் முடிந்தபின் தங்குவது அமெரிக்காவில் கிரிமினல் குற்றமே அல்ல, சிவில் மீறல். அனுமதியின்றி முதல் முறை எல்லை தாண்டுவது சிறு குற்றம். ஒருவன் குடிமகனா, அகதியா, கூலிக்கு வந்தவனா என்பதைத் தொலைநோக்கி சொல்லாது. பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். எசெக்கியேலிடம் அமெரிக்கக் குடியுரிமை இருந்தது. அதைச் சொல்ல வாய்ப்புத்தான் இல்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். எல்லைக் காவல்துறை மட்டும் சுத்தமா? இல்லை. 2010இல் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்ற 15 வயது மெக்சிகோ சிறுவனை இந்தப் பக்கமிருந்து ஓர் எல்லைக் காவலர் சுட்டுக் கொன்றார். அந்தக் குடும்பம் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர முடியாதென 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, ஜோன்ஸும் அரியாகாவும் நார்ட்டனைக் கற்பனையில் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காவலர் அப்படிச் சுட்டால் அதைத் தொழிலிலிருந்து வழுவியதாகச் சொல்ல நமக்கு ஒரு மொழி இருக்கிறது, தீர்ப்பு எப்படி வந்தாலும். சிப்பாய் சுட்டால் அது அவர் தொழிலாகவே இருந்துவிடுகிறது. நார்ட்டனை உருவாக்கியதன் மூலம் படம் இந்த இரண்டாவது வகையைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்பதே என் குறை.

அமெரிக்கர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாததல்ல. உள்நாட்டுச் சட்டத்தை அமல்படுத்த ராணுவத்தைப் பயன்படுத்தக் கூடாதென்று 1878இலேயே ‘போஸே கொமிடாட்டஸ்’ சட்டம் போட்டார்கள். நாடாளுமன்றம் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டும் விலக்கு. பின்னர் 1981இல், காவல்துறைக்கு ராணுவம் ‘உதவலாம்’ என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். 2006இல் புஷ் 6000 தேசியக் காவல்படையினர் வரை எல்லைக்கு அனுப்பினார். 2010இல் ஒபாமா 1200 பேர். 2018இல் ட்ரம்ப் அனுப்பிய வீரர்கள் முள்கம்பி கட்டினார்கள். எல்லாமே உதவிதான். ரெட்ஃபோர்டின் நால்வரும் உதவிக்குப் போனவர்களே என்பதை யாரும் ஞாபகத்தில் வைத்திருந்த மாதிரி தெரியவில்லை.

2025 ஜூனில் குடியேற்றக் கைதுகளுக்கு எதிரான போராட்டங்களையொட்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு ஆயிரக்கணக்கான தேசியக் காவல்படையினரோடு 700 மரீன்களும் அனுப்பப்பட்டார்கள். செப்டம்பரில் நீதிபதி சார்லஸ் பிரேயர் இது 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

ஆனால் என் மனதில் அதிகம் தங்கியது அதே ஆண்டு நியூ மெக்சிகோ எல்லையில் நடந்த, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு காரியம். எல்லையை ஒட்டி 60 அடி அகலத்துக்கு ஓடும் பட்டை நிலம், 1907இல் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் அரசுக்கென ஒதுக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அதன் நீண்ட பகுதியை ராணுவத்திடம் ஒப்படைத்து, ராணுவத் தளத்தின் பகுதி என்று அறிவித்தார்கள். இனி அங்கே காலை வைப்பவர் எல்லை தாண்டியவர் மட்டுமல்ல, ராணுவத் தளத்தில் அத்துமீறியவரும்கூட. தளத்தைக் காப்பது ராணுவத்தின் சொந்த வேலைதானே, அதனால் வீரர்களே அவரைத் தடுத்து வைக்கலாம் என்பது வாதம். அது ராணுவத் தளம் என்று தெரிந்தேதான் நுழைந்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லையென, இப்படிப் பதிந்த அத்துமீறல் குற்றச்சாட்டுகள் பலவற்றை ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார். நியாயம்தானே? ஆடு மேய்ப்பவன் தான் கண்காணிக்கப்படும் களத்தில் நிற்கிறோம் என்று அறியாததுபோலத்தான் இதுவும்.

ஜோன்ஸின் படத்தில் மெல்கியாடெஸ் தன் ஊர் என்று சொன்ன ஹிமேனெஸை யாருக்கும் தெரியாது. வரைபடத்தில் இல்லை. பீட் ஓர் இடிந்த வீட்டைக் கண்டு, இதுதான் ஹிமேனெஸ் என்று சொல்லி, சுவரைச் செப்பனிட்டு, நண்பனை அங்கே புதைக்கிறான். செத்தவனுக்கு ஒரு ஊர் வேண்டுமென்பதற்காக நிலத்துக்குப் பெயர் வைக்கிறான். அந்தக் காட்சிக்காக இந்தப் படத்தின் எல்லாக் குறையையும் நான் மன்னிக்கத் தயார். நியூ மெக்சிகோவில் அரசும் நிலத்துக்குப் பெயர்தான் வைத்தது. நேற்றுவரை வெறும் மணலாக இருந்த இடத்தில் ‘தடைசெய்யப்பட்ட பகுதி’ என்று ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் பலகைகள் நிற்கின்றன. அதன் வழியாக நடப்பவரைப் பார்க்கும் ஒரு சிப்பாய், அவர் யாரென்று கேட்க வேண்டிய அவசியம் இப்போது இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.