இசைத்தட்டின் பின்னால் நிற்பவர்

தயாரிப்பாளர் என்றதும் நம் மாணவர்க்குச் சினிமாவிற்குப் பணம் போடும் முதலாளியே நினைவுக்கு வருகின்றார். இசைத்தட்டுத் துறையில் அச்சொல்லின் பொருள் வேறு. பாட்டைத் தெரிந்து, வாத்தியங்களை வகுத்து, பதிவுக்கூடத்திலே பலரது உழைப்பை ஒன்றுகூட்டி ஓர் ஓசையாக்குபவர் அவர். உறையிலே பாடகரின் பெயர் பேரெழுத்தில் நிற்க, இவர் பெயர் ஒரு மூலையிற் கிடக்கும். லத்தீன் கிராமி விருதுகள் 2000ஆம் ஆண்டிலே தொடங்கியபொழுது ஆண்டின் தயாரிப்பாளருக்கெனத் தனி விருதொன்று வகுக்கப்பட்டமை, அவ்வகையில், வரவேற்கத்தக்கதே.

முதற் பரிசு எமிலியோ எஸ்தெபானுக்குக் கிடைத்தது. கியூபாவிற் பிறந்து மியாமியிலே பெருந் தொழிலை நிறுவிய அவரது திறமையை மறுப்பாரில்லை. ஆனால் மெக்சிக்க மக்களிசையை விற்றுவந்த பொனோவிசா நிறுவனம், விருதுகள் எஸ்தெபானுக்கும் சோனி நிறுவனத்துக்கும் சார்பானவை எனக் குற்றஞ்சாட்டி, அவ்விழாவைப் பகிஷ்கரித்தது. இதனை மக்கள் கலைக்கும் பெருமுதலுக்கும் இடையே நடந்த போராட்டமெனக் கொள்வது பேதைமை. பொனோவிசாவும் தெலெவிசா என்னுந் தொலைக்காட்சிப் பெருநிறுவனத்தின் உடைமையாகவே அன்று இருந்தது. இரு வணிகர் சண்டையிட்டனர். எனினும் அச்சண்டையினூடே உண்மையொன்று வெளிப்பட்டது. அமெரிக்க வயல்களிலே கூலிவேலை செய்யும் மெக்சிக்கர் விரும்பிக் கேட்கும் இசைக்கு, மியாமியின் மெருகேறிய இசைக்குள்ள மதிப்பு மேடையிலே இல்லை என்பதே அது.

பெண்ணொருவர் இவ்விருதைப் பெறுவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வெனிசுவேலாவின் எக்காளக் கலைஞர் லிண்டா பிரிசேஞோ. பதினெட்டு ஆண்டுத் தாமதத்துக்குத் திறமைக் குறைவு காரணமாகாது. பதிவுக்கூடத்தின் கதவு எவர் கையில் இருந்தது என்பதே காரணம்.

எனினும் இவ்விருதின் அடிப்படைக் குறை வேறிடத்திலுள்ளது. 2005இல் இதனைப் பெற்ற குஸ்தாவோ சாந்தாவோலாயாவை எடுத்துக்கொள்வோம். இராணுவ ஆட்சி நிலவிய ஆர்ஜென்டீனாவை 1978இல் நீங்கி லொஸ் ஏஞ்சலிஸ் சென்றவர் அவர். பின்னர் தாயகம் திரும்பி, பாடகர் லெயோன் கியேக்கோவுடன் தென்கோடி உசுவாயா முதல் வட எல்லையிலுள்ள லா கியாக்கா வரை பயணஞ்செய்து, ஆங்காங்குள்ள கிராமியக் கலைஞரை அவரவர் மண்ணிலேயே ஒலிப்பதிவு செய்தார். 1985இல் வெளிவரத் தொடங்கிய அத்தொகுதியே, என் மதிப்பில், அவரது தலையாய பணி. அங்கே தயாரிப்பாளர் கட்டளையிடுபவரல்லர், செவிகொடுப்பவர். நகரத்துக் கூடத்துக்குக் கலைஞனை இழுத்து வந்து அவன் பாட்டைத் திருத்துவதற்கு மாறாக, ஒலிக்கருவிகளைச் சுமந்துகொண்டு அவன் வாசலுக்குச் சென்றார்.

விருதோ ஓராண்டுக் கணக்கிலே வெளிவந்த இசைத்தட்டுகளை நிறுத்துப் பார்க்கின்றது. வாக்களிப்போர் இசைத்தொழிலிலுள்ள அக்கடமி உறுப்பினர். ஊரூராகத் திரிந்து சேகரித்த உழைப்பு அந்தத் தராசில் ஏறுவதில்லை. மலைநாட்டுக் கிராமங்களிலே அன்று ஒலிவாங்கியின் முன் பாடியோருக்கு வாக்குச் சீட்டும் இல்லை.