ஃபுபுகி: போர்க்கப்பல் பெண்ணுருவம் பெறும்போது

அஃறிணைப் பொருளுக்கு மாந்தவுணர்வை ஏற்றிப் பேசுதல் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. மதுரை மதிலில் அசையும் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் நகருக்குள் வரவேண்டா எனத் தடுப்பனபோல் இருந்தன எனச் சிலப்பதிகாரம் காட்டும். தற்குறிப்பேற்ற அணிக்கு இதனையே சான்றாக நாம் வகுப்பறையில் கற்பித்து வருகிறோம். கொடியின் அசைவு இயற்கை. அதன்மேல் ஏற்றப்பட்ட குறிப்போ கவிஞருடையது. ஜப்பானிய அனிமேயில் போர்க்கப்பல் பெண்ணுருவம் பெறுவது இவ்வணியின் வரையறைக்குள் முழுதும் அடங்காது. ஆயினும், ஏற்றப்பட்ட குறிப்பு எதைப் புலப்படுத்துகிறது, எதை மறைக்கிறது என்னும் வினா அதற்கும் பொருந்தும்.

2013இல் வெளிவந்த ‘கந்தாய் கலெக்‌ஷன்’ என்னும் கணினி விளையாட்டில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியக் கப்பல்கள் இளம்பெண்களாக உருமாறின. 2015இல் அது பன்னிரண்டு பகுதிகள் கொண்ட தொடராயிற்று. அதன் தலைவி ஃபுபுகி. பெயருக்குப் பனிப்புயல் என்பது பொருள். பள்ளிச் சீருடையணிந்த அவள், தொடக்கத்தில் நீர்மேல் நிலையாக நிற்கவும் தடுமாறுகிறாள், விடாமுயற்சியால் தேறுகிறாள். மூன்றாம் பகுதியில் தோழி கிசராகி மூழ்கும்போது பார்ப்போரின் துயரம் மெய்யாகவே பெருகுகிறது. வரலாற்றிலும் கிசராகி 1941 டிசம்பரில் வேக் தீவருகே மூழ்கிய கப்பலாகும். மிட்வே தோல்வியின் நிழலும் இறுதிப் பகுதிகளில் படிகிறது. ஆகவே, இத்தொடர் வரலாற்றை அறியாதது என்று கூறுதல் பொருந்தாது. இழப்பை நினைவுகூரும் ஆற்றல் அதற்கு உண்டு. அதுவே அதன் சிறப்புமாகும்.

ஆனால், அது நினைவுகூர்வது ஒரு தரப்பின் இழப்பை மட்டுமே. 1928இல் பணியில் சேர்ந்த ஃபுபுகி என்னும் நாசகாரிக் கப்பல், 1942 ஜனவரி 27ஆம் நாள் விடியலுக்கு முன் ஜொகூரின் எண்டாவ் கடற்பரப்பில் போரிட்டது. அங்குத் தரையிறங்கிய ஜப்பானியரைத் தாக்க வந்த பிரித்தானியக் கப்பல் ‘தானெட்’ மூழ்கடிக்கப்பட்டது. அந்நாளில் ஃபுபுகி சார்ந்திருந்த படைப்பிரிவின் தலைமைக் கப்பல் ‘செண்டாய்’. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் படையிறங்கக் காவல் நின்றதும் அதே செண்டாய்தான். தொடரிலும் செண்டாய் ஒரு பெண். ஃபுபுகியின் மூத்த தோழி. அவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் அணியின் பெயரும் வரலாற்றுப் படைப்பிரிவின் பெயரேயாகும். பெயர் அப்படியே நிற்க, அப்பெயர் ஆற்றிய செயல் மட்டும் நீங்கியிருப்பது நோக்கத்தக்கது.

இந்நீக்கம் எவ்வாறு இயலுகிறது? தொடரில் ஆணையிடும் தளபதியின் முகம் காட்டப்படுவதில்லை. பகைவரோ ஆழ்கடலினின்று எழும் உருவங்கள். அவர்களுக்கு நாடில்லை, மொழியில்லை. உண்மைக் கப்பலில் பணியாற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளும் ஒரே சிறுமியின் உடலுக்குள் கரைந்துவிடுகின்றனர். ஆணையிட்டோரும் அடிபட்டோரும் காட்சியினின்று விலகியபின் எஞ்சுவது குழந்தைமை ஒன்றே. குழந்தையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பெண்ணுருவம் இங்கு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. பொறுப்பினின்று விடுவிக்கும் உத்தியாகவும் அது செயற்படுகிறது எனலாம்.

இங்குதான் மதுரைக் கொடிகளை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். இளங்கோவடிகள் ஏற்றிய குறிப்பு, நிகழவிருக்கும் கொடுமையை முன்னறிவிக்கிறது. ஃபுபுகியின்மேல் ஏற்றப்பட்ட குறிப்போ, நிகழ்ந்து முடிந்த கொடுமையின்மேல் திரையிடுகிறது. அத்தரையிறக்கங்கள் வழிவிட்ட ஆட்சியில்தான் தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அவர்களுள் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறையும் இல்லை. மூழ்கிய கப்பலுக்குப் பெயரும் முகமும் கண்ணீரும் கிடைத்திருக்க, அவர்களுக்கு அவற்றுள் ஒன்றும் கிட்டவில்லை.

இத்தகைய தொடர்களை மாணவர் விரும்பிக் காண்பதை நாம் குறைகூற வேண்டியதில்லை. கிசராகிக்காகக் கலங்கும் உள்ளம் இரக்கமுள்ள உள்ளமே. அவ்விரக்கம் எண்டாவ் கரையையும் எட்டுமாறு செய்தல் ஆசிரியரின் கடமையாகும். அணியிலக்கணப் பாடம் அதற்கு ஏற்ற வாயில்.