சிற்றரங்கின் சாட்சியம்: டாக்காவின் 'கிராஸ்ஃபயர்' ஒளிப்படக் கண்காட்சியை முன்வைத்து

ஒரு நாட்டின் கலை வாழ்வை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தையே முதலில் நாடுவர். அங்கே வரலாறு ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும். வீரர்களும் தியாகிகளும் தத்தமக்குரிய பேழைகளில் இடம்பெற்றிருப்பர். நகரத்தின் ஏதோவொரு தெருவில், ஓரிரு அறைகளுக்குள் அடங்கி, சில வாரங்களில் கலைந்துவிடும் சிறு கண்காட்சிகளுக்கு அத்தகைய மதிப்பை நாம் அளிப்பதில்லை. போகிற போக்கில் நுழைந்து, சுவர்களை ஒருமுறை சுற்றி வந்து, வருகைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்புவதே நம்முள் பலரது வழக்கம். ஆயினும், அருங்காட்சியகம் ஏற்கத் தயங்கும் படங்களுக்குப் பல வேளைகளில் இச்சிற்றரங்குகளே இடமளித்துள்ளன. இதற்கு டாக்கா நகரின் 'த்ரிக்' காட்சிக்கூடம் சிறந்த சான்றாகும்.

'பார்வை' எனப் பொருள்படும் வடசொல்லைப் பெயராகக் கொண்ட த்ரிக் நிறுவனத்தை ஒளிப்படக் கலைஞர் ஷாஹிதுல் ஆலம் 1989இல் நிறுவினார். 1998இல் 'பாட்ஷாலா' என்னும் ஒளிப்படக் கல்லூரியும், 2000இல் 'சோபி மேளா' என்னும் பன்னாட்டு ஒளிப்பட விழாவும் இதன் தொடர்ச்சியாக உருவாயின. அம்முதல் விழாவிலேயே ஒரு சோதனை நேர்ந்தது. 1971ஆம் ஆண்டின் போரைப் பற்றிய படங்கள் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்படவிருந்தன. விடுதலைப் படையினர் பிஹாரி முஸ்லிம்களைக் கொல்வதைக் காட்டிய படங்களை விலக்கிவிடுமாறு அதிகாரத் தரப்பிலிருந்து வற்புறுத்தல் வந்தது. ஏற்பாட்டாளர்கள் அதற்கு இணங்காமல் கண்காட்சியையே தங்கள் சொந்தக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டனர்.

இந்நிகழ்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அப்போரில் வங்காள மக்கள் பட்ட கொடுந்துயரை மறுப்பவர் எவரும் அவ்வரங்கில் இருந்திருக்க முடியாது. தம் மக்களின் துயரைக் காட்டும் அதே சுவரில், தம்மவர் இழைத்த கொடுமையையும் காட்டுவதே அங்கே எழுந்த வினா. தேசத்தின் பெயரால் நிற்கும் பெருங்கட்டடம் அதற்கு இடமளிக்கவில்லை, சிற்றரங்கு இடமளித்தது.

பத்தாண்டுகளுக்குப் பின் 'கிராஸ்ஃபயர்' கண்காட்சி வந்தது. அதன் பின்னணியைச் சுருக்கமாகக் கூறுதல் அவசியம். வங்காளதேசத்தில் 2004இல் 'ராப்' எனப்படும் விரைவு நடவடிக்கைப் படை உருவாக்கப்பட்டது. அப்படையினரிடம் பிடிபட்ட பலர் உயிரிழந்தபோது, வெளியான அதிகாரபூர்வ அறிக்கைகள் ஏறத்தாழ ஒரே வாசகத்தைக் கொண்டிருந்தன: ஆயுதங்களைக் கைப்பற்றுவதற்காக இரவில் அழைத்துச் சென்றபோது கூட்டாளிகள் சுட்டனர், இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே சிக்கி அவர் இறந்தார். 'கிராஸ்ஃபயர்' என்ற ஆங்கிலச் சொல், இவ்வாறு வங்காள மக்களின் அன்றாடப் பேச்சில் நீதிமன்றம் காணாத கொலையைக் குறிக்கும் சொல்லாக மாறிற்று. ஆட்சிகள் மாறிய பின்னரும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை.

இம்மரணங்களைப் பற்றிய ஆய்வுகளின் அடிப்படையில் ஆலம் எடுத்த படங்கள் 2010 மார்ச் 22 அன்று, அப்போது தன்மண்டிப் பகுதியில் இருந்த த்ரிக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்படவிருந்தன. பெரு நாட்டைச் சேர்ந்த ஹோர்ஹே வில்லாகோர்ட்டா அதன் காட்சியமைப்பாளர். திறப்பு விழாவுக்கு முன்னரே காவல்துறை வாயிலை மறித்தது. அனுமதி பெறப்படவில்லை என்றும், குழப்பம் விளையும் என்றும் காரணம் கூறப்பட்டது. இதற்குச் சில மாதங்களுக்கு முன், 2009 நவம்பரில், திபெத்து பற்றிய கண்காட்சியும் இதே கூடத்தில் தடுக்கப்பட்டிருந்தது. இம்முறை விழா தெருவிலேயே நடந்தது. எழுத்தாளர் மகாசுவேதா தேவி அங்கேயே கண்காட்சியைத் தொடக்கிவைத்தார். நிறுவனம் உயர் நீதிமன்றத்தை நாடிய பின்னர், அம்மாத இறுதியில் காவல் விலக்கப்பட்டுக் கதவுகள் திறந்தன.

இத்துணை அச்சத்தை விளைவித்த படங்களில் என்னதான் இருந்தது? குருதி இல்லை, துப்பாக்கி ஏந்திய படையினர் இல்லை. இருளில் கிடக்கும் ஒரு நெல்வயல், ஆளரவமற்ற ஓரிடம், சிற்றொளி விழுந்து விளங்கும் ஏதோவொரு பொருள் எனக் காட்சிகள் அமைந்திருந்தன. ஒவ்வொன்றும் உண்மையில் நிகழ்ந்த ஒரு மரணத்தோடு தொடர்புடையது. கொலை நிகழும் கணத்தில் ஒளிப்படக் கருவி அங்கே இருக்கவில்லை, இருந்திருக்கவும் இயலாது. ஆகவே, கலைஞர் நிகழ்ந்த இடத்தையும், அவ்விரவின் ஒளியையும் மட்டுமே நமக்கு மீட்டுத் தர முயன்றார்.

இவ்விடத்தில் வங்காளக் கலை மரபின் மற்றொரு படைப்பை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1943ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தின்போது, ஸைனுல் ஆபிதீன் கல்கத்தா வீதிகளில் மடிந்துகொண்டிருந்த மக்களை மலிவான தாளில் கறுப்பு மையும் தூரிகையும் கொண்டு வரைந்தார். பின்னர் 1948இல் டாக்காவின் ஓவியக் கல்லூரியைத் தோற்றுவித்தவரும் இவரே. அவரது சித்திரங்களில் எலும்பும் தோலுமான உடல்களே எல்லாம்; பின்புலம் ஏறக்குறைய வெறுந்தாளாகவே விடப்பட்டிருக்கும். ஆலமின் படங்களிலோ பின்புலம் மட்டுமே எஞ்சியிருக்கிறது, உடல் அகற்றப்பட்டுவிட்டது. பஞ்சத்தில் மாண்டோர் எல்லார் கண்முன்னும் வீதியில் கிடந்தனர்; காண மறுத்தவர்களுக்கு அவர்களைக் காட்டுவது ஓவியரின் கடனாயிற்று. பிற்காலத்தில் மாண்டோரோ இருளுக்குள் கொண்டு செல்லப்பட்டனர். மறைக்கப்பட்டது என்ற உண்மையைக் காட்டுவதே இங்கே கலைஞரின் கடன். இரு முறைகளும் தத்தம் காலத்து அநீதியின் இயல்பிலிருந்து பிறந்தவை என்பது நமது கருத்து.

எனினும், ஒரு குறையைச் சுட்டாமல் செல்வது நேர்மையாகாது. இருளும் ஒளியும் தேர்ந்த கையால் அமைக்கப்பட்டுள்ளமையால் இப்படங்கள் அழகாகவும் இருக்கின்றன. செய்தி அறியாத ஒருவர் அவ்வயலைக் கண்டு, இரவின் அமைதியைக் காட்டும் படமென்று வியந்து நகர்ந்துவிடக் கூடும். கொல்லப்பட்டவரின் பெயரும் நாளும் ஊரும் அருகே இல்லாவிடில், ஒரு குறிப்பிட்ட மனிதரின் மரணம் பொதுவானதொரு சோகமாகக் கரைந்துவிடும். 2012இல் நியூயார்க்கின் குயின்ஸ் அருங்காட்சியகத்தில் இவை வைக்கப்பட்டபோது, இவ்வபாயம் மேலும் கூடியிருக்கும். டாக்கா நகரத்தார் அவ்வாசகத்தை நாளிதழ்களில் படித்துப் பழகியவர்கள். தொலைநாட்டுப் பார்வையாளருக்கு அந்நினைவு இல்லை. ஆகவே, இத்தகைய படங்களில் எழுத்தும் படத்தின் ஓர் உறுப்பே ஆகும். அதனை வாசியாதவர் படத்தின் பாதியையே கண்டவராவார்.

பின்னர் நிகழ்ந்தவை அக்கண்காட்சிக்குப் புதிய பொருளைத் தந்துள்ளன. மாணவர்களின் சாலைப் பாதுகாப்புப் போராட்டத்தைப் பற்றிப் பேசியமைக்காக, ஆலம் 2018 ஆகஸ்ட் 5 இரவில் தம் இல்லத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டு, நூறு நாட்களுக்கு மேல் தடுப்பில் இருந்தார். 2021 டிசம்பரில் அமெரிக்கா விரைவு நடவடிக்கைப் படைமீது மனித உரிமை மீறல்களுக்காகத் தடை விதித்தது. 2024 ஆகஸ்டில் ஷேக் ஹஸீனாவின் ஆட்சி வீழ்ந்த பின்னர், வலிந்து காணாமலாக்கப்பட்டோர் குறித்து விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அரசே பின்னாளில் கேட்க முன்வந்த வினாக்களை ஒரு சிறு கூடத்தின் சுவர்கள் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டிருந்தன. எனினும், கண்காட்சியால்தான் இம்மாற்றங்கள் விளைந்தன என்று கூறுவது மிகையாகும். கேள்வி மறக்கப்படாமல் காத்தது என்ற அளவில் அதன் பங்கை மதிப்பிடுவதே பொருத்தம்.

சிற்றரங்குகளுக்குச் செல்லும் நாமும் இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. அங்கே படங்கள் குறைவு. ஒவ்வொன்றின் முன்னும் நிற்க நேரமுண்டு. படத்தை முதலில் கண்ணால் காண்க. பின் குறிப்பை வாசிக்க. மீண்டும் படத்தை நோக்குக. முதல் பார்வையில் வெறும் வயலாக இருந்தது இரண்டாம் பார்வையில் ஒருவர் கடைசியாக நின்ற நிலமாக மாறும். சாட்சி கூறுபவருக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். படத்துக்கும் அவ்வாறே, அக்கேட்பவரின் இடத்தில்தான் பார்வையாளராகிய நாம் நிற்கிறோம்.