முகாம் இலக்கியத்தில் குடும்பம்

இலங்கையில் 1983-இல் நிகழ்ந்த இனக்கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்து முகாம்களில் குடியமர்த்தப்பட்ட ஈழத்தமிழரின் வாழ்க்கையைப் பேசும் தன்வரலாறுகளையும் புனைவுகளையும் முகாம் இலக்கியம் எனலாம். புலம்பெயர் இலக்கியத்தின் ஒரு கிளையாக இது வைத்துப் பேசப்படுகிறது. புகலிடத்தின் துயரை அழுத்தமாகப் பதிவுசெய்த இவ்வகை எழுத்தில், வீட்டுக்குள் நிகழும் அன்றாட வாழ்க்கையும் அதன் சிறு மகிழ்ச்சிகளும் குறைவாகவே இடம்பெற்றுள்ளன. இது அழகியல் சார்ந்த குறை மட்டும் அல்ல. முகாம் வாழ்வின் இயல்பே அதற்கு முதன்மைக் காரணம்.

பின்புலம்

படகில் வந்தவர்களில் பெரும்பாலோர் மண்டபம் முகாமில் பதிவுசெய்யப்பட்டு, பின்னர் தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். திண்டுக்கல் மாவட்டத்தில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. தற்காலிகம் என்று கருதி எழுப்பப்பட்ட சிறு அறைகளில் ஒரு தலைமுறை பிறந்து, மணம் முடித்து, பிள்ளைகளையும் பெற்றது. வீட்டில் மன்னார்ப் பேச்சு, பள்ளியில் திண்டுக்கல் பேச்சு என இரண்டு தமிழுக்கு நடுவே குழந்தைகள் வளர்ந்தனர். வீட்டில் 'கதைத்தவர்கள்' வெளியே 'பேசினார்கள்'. பட்டம் பெற்ற இளைஞர்களும் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கூலி வேலைக்குச் சென்றனர்.

2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. வீடு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களையே கருத்தில் கொண்டது. இலங்கை அப்பட்டியலில் இல்லை.

எழுத்துகள்

இவ்வகையில் முக்கியமான தொடக்க நூல் தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' (காலச்சுவடு பதிப்பகம், 2007). இளம் வயதில் மன்னார்ப் பகுதியிலிருந்து தமிழகம் வந்து முகாம்களில் வாழ்ந்த ஒருவர், அவ்வாழ்வைத் தானே எழுதியது இந்நூலின் முதல் தகுதி. முகாமுக்கு வெளியே இருந்து இரக்கத்துடன் எழுதப்பட்ட பதிவுகளிலிருந்து அது இதனாலேயே வேறுபடுகிறது. பத்திநாதன் பின்னர் 'அந்தரம்' என்ற நாவலையும் எழுதினார்.

'போரின் மறுபக்கம்' முகாம் என்னும் அமைப்பையே முதன்மையாகக் கொண்டது. பதிவு, கண்காணிப்பு, பிழைப்புக்கான அலைச்சல் ஆகியவை அதில் நிறைந்துள்ளன. முகாம்வாசி அரசுடன் எதிர்ப்படும் தருணங்களே எழுத்தின் விசையாக அமைகின்றன. அவன் வீடு திரும்பிய பிறகு நிகழ்பவை பின்னணிக்குச் செல்கின்றன. சாட்சியம் சொல்லும் நூலுக்கு இது பொருத்தமானதே. எனினும் வாசகர் மனத்தில் முகாம்வாசி பாதிக்கப்பட்டவராக மட்டுமே எஞ்சும் அபாயம் இதில் உண்டு.

ஒப்பீடு

குடிபெயர்ந்த குடும்பத்தின் அன்றாடத்தை உலக இலக்கியத்தில் மிகச் சிறப்பாக எழுதியவர்களில் ஒருவர் யித்திஷ் எழுத்தாளர் ஷோலம் அலைக்கெம். ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லும் யூதக் குடும்பம் ஒன்றை அவரது 'மோட்டல்' நாவல் ஒரு சிறுவனின் பார்வையில் சொல்கிறது. 1916-இல் அவர் நியூயார்க்கில் இறந்தபோது நாவல் முடிவுறாமல் நின்றது. அதில் தாய் ஓயாமல் அழுகிறாள். அழுது சிவந்த கண்ணைப் பார்த்து மருத்துவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சி, அழாதே என்று குடும்பமே அவளை அதட்டுகிறது. மூத்தவன் புத்தகத்தைப் பார்த்து மை காய்ச்சி விற்றுப் பணக்காரனாக முயல்கிறான். துயரும் சிரிப்பும் ஒரே காட்சியில் அமைகின்றன. படுகொலைகளுக்கு அஞ்சி வெளியேறிய மக்களின் கதை என்பது இந்தச் சிரிப்பால் மங்கவில்லை, கூர்மையே அடைகிறது.

தமிழில் கனடாவில் வாழும் அ. முத்துலிங்கத்தின் எழுத்துகளில் இதற்கு நெருக்கமான மெல்லிய நகைச்சுவை உண்டு. புதிய ஊரின் குளிரும் மொழியும் உணவும் அவரிடம் வியப்புக்குரிய கதைகளாகின்றன.

இரு எழுத்துகளுக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. நியூயார்க்குக்கும் டொராண்டோவுக்கும் சென்ற குடும்பம் ஒருநாள் அந்நாட்டுக் குடிமக்களாக வழி இருந்தது. வந்து சேர்ந்துவிட்டோம் என்று நம்பக்கூடியவரே வழியில் பட்டதைச் சிரித்தபடி சொல்ல முடியும். தோட்டனூத்துக் குடும்பம் இன்னும் வந்து சேரவில்லை. முகாம் எழுத்தில் நகைச்சுவை அரிதாக இருப்பதை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பீடு

ஆனால் அந்தப் புரிதல் எழுதப்படாத வாழ்க்கைக்கு ஈடாகாது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அப்போதும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. இதன்படி ஒரே அறையில் ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் இந்தியனாகவும் தம்பி நாடற்றவனாகவும் இருக்க நேரும். முகாம் பெண்ணை மணந்த உள்ளூர் இளைஞனின் பிள்ளைக்கும் கேள்வி எழும். அந்த அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் புட்டும் சம்பலும் உண்ணும் இரவு முகாம் இலக்கியத்தின் மையக் காட்சியாகியிருக்க வேண்டும். சட்டம் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை எந்த ஆவணத்தைவிடவும் அது தெளிவாகக் காட்டும்.

முகாமின் மகிழ்ச்சியை எழுதுவது அநீதியை மறைப்பதாகிவிடும் என்ற தயக்கம் இயல்பானது. ஷோலம் அலைக்கெமின் நாவல் அத்தயக்கத்துக்கு விடை. திருமண வீட்டின் ஆரவாரம், பிள்ளையின் தேர்வு வெற்றி, கொட்டும் மழையில் ஒழுகாத புதிய கூரை ஆகியவை துயரைக் குறைப்பதில்லை. எதை இழக்க நேரிடும் என்பதை அவையே வாசகருக்கு உணர்த்துகின்றன. பத்திநாதனின் தலைமுறை முகாம் என்றால் என்ன என்று சொல்லிவிட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்பதை முகாமிலேயே பிறந்த தலைமுறை எழுதும்போதுதான் இவ்வகை இலக்கியம் நிறைவடையும்.