கோடையில் ஓடுகிறவளின் பாதாதிகேசம்

பாட்டுடைத் தலைவி தெய்வம் என்றால் பாதத்தில் தொடங்கிக் கூந்தல்வரை ஏற வேண்டும். மானிடப் பெண் என்றால் கூந்தலில் தொடங்கிப் பாதத்துக்கு இறங்க வேண்டும். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று இந்த மரபை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். மார்ச் பிறந்துவிட்டால் ஆங்கில இதழ்களிலும், இப்போது தமிழ் இதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும், 'கோடை ஓட்டப் பயிற்சிக்கு எனக்குப் பிடித்த பொருட்கள்' என்ற வகைக் கட்டுரைகள் வரத் தொடங்கும். அவற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த மரபுதான் நினைவுக்கு வருகிறது. ஷூவில் தொடங்குகிறார்கள். காலுறை, அரைக்கால் சட்டை, மார்க்கச்சு, கையில்லாத பனியன், கைக்கடிகாரம், வெயில் களிம்பு, கறுப்புக் கண்ணாடி என்று ஏறித் தொப்பியில் முடிக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் தெய்வத்துக்குரிய வரிசை.

இதை ஓர் எழுத்து வகையாக எடுத்து வாசிக்கலாம் என்றே நினைக்கிறேன். எழுதுகிறவள் பெரும்பாலும் தன்மை ஒருமையில் பேசுகிறாள். தொடைகள் உரசிப் புண்ணாவதை, அக்குளில் தையல் அறுப்பதை, வியர்வை கண்ணில் இறங்கி எரிவதைக் கூச்சமில்லாமல் சொல்கிறாள். நம் பாதாதிகேசங்களை எழுதிய ஆண்கள் தாம் பார்த்த உடலை எழுதினார்கள். இங்கே உடலுக்குச் சொந்தக்காரியே, வேலை செய்துகொண்டிருக்கும் உடலுக்கு என்ன வேண்டும் என்று எழுதுகிறாள். சரக்கு விற்கும் எழுத்து என்று ஒரே வரியில் தள்ளிவிட மனம் வராததற்கு இதுவே காரணம். விற்பனை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் விலை இருக்கிறது. 'பிடித்தது' என்ற சொல்லுக்கு யாராவது பணம் கொடுத்திருக்கவும் கூடும்.

மார்க்கச்சுக்கு வருவோம். தமிழ்க் கவிதை முலையைப் பற்றி எழுதிய அளவுக்கு வேறோர் உறுப்பைப் பற்றி எழுதியிருக்குமா என்பது சந்தேகம். குரும்பை, கோங்கரும்பு, செப்பு, யானைக்கொம்பு என்று உவமைகளை மனப்பாடமாகச் சொல்லலாம். அந்தப் பாரத்தைத் தாங்காமல் இடை ஒடிந்துவிடுமோ என்று புலவர் அஞ்சுவார். அந்தப் பாரத்தோடு அவள் ஓடினால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் ஓடப்போவதில்லை என்பது முன்பே முடிவான விஷயம். 2002-இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது, அதே சொல்லை வகுப்பறையில் பதவுரை பொழிப்புரையோடு நடத்திவந்தவர்களில் பலருக்கு அது ஆபாசமாகத் தெரிந்தது.

1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற ஓட்டக்காரியும், நாடக ஆடை வடிவமைப்பில் இருந்த பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய இருவரும் சேர்ந்து, ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இடுப்புக் கச்சை இரண்டை எடுத்துச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் பிரா என்று விற்கப்படுவதன் தொடக்கம் அதுதான். மனிதன் நிலவில் இறங்கி எட்டு ஆண்டு கழிந்திருந்தது. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை, பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாக ஏறக்குறைய எட்டு வடிவத்தில் அசைகிறது என்பதை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியதெல்லாம் அதற்கும் மிகப் பிந்தி. இந்தச் செய்திகளை நான் இலக்கண நூலிலோ உடற்கூற்று நூலிலோ படிக்கவில்லை. பொருட்பட்டியல் கட்டுரைகளைப் படிக்கப்போய்த் தேடித் தெரிந்துகொண்டவை.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இந்தப் பொருள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவில் கிடைக்கும். நாலு துவைப்பில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். ஆகவே விளையாட்டு அணியில் இருக்கும் என் மாணவிகள் சாதாரண உள்ளாடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறார்கள். அதன்மேல் சிம்மீஸ், அதன்மேல் டிசர்ட். மைதானம்வரை நடந்து போவதற்காக அதன்மேல் துப்பட்டா, குறுக்காகப் போட்டு ஊக்குக் குத்தி. கோடை என்றால் துணியைக் குறை என்பது பட்டியல் கட்டுரைகளின் முதல் விதி. விருதுநகரில் மே மாதம் நாற்பது டிகிரியைத் தொடும் வெயிலில் எங்கள் பெண்பிள்ளைகள் ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு அடுக்கு என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஐரோப்பாவில் மட்டும் நிலைமை தலைகீழ் என்று எண்ண வேண்டாம். 2021-இல் நார்வேயின் பெண்கள் கடற்கரைக் கைப்பந்து அணிக்கு அபராதம் விதித்தார்கள். குற்றம், பிகினி அடியாடைக்குப் பதிலாக அரைக்கால் சட்டை அணிந்தது. மூடுவதோ குறைப்பதோ, அளவுநாடா வேறொருவர் கையில் இருக்கிறது.

துணியைப் பற்றி இந்தக் கட்டுரைகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது: பருத்தியை விடு. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் ஏழெட்டு விழுக்காடு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்காது. வியர்வை அதன் மேற்பரப்பில் பரவி விரைவில் ஆவியாகும், துணி உடம்பில் ஒட்டாது. சரிதான். ஆனால் எங்கள் கரிசல் காட்டு வெயில் வறண்ட வெயில். நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு களையெடுக்கிறவளுக்கு அந்த ஈரம்தான் குளிர்ச்சி. எல்லா ஊர் வெயிலும் ஒரே வெயில் என்று எழுதுவது தொப்பி விற்கிறவருக்கு வசதி.

இங்கிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் சிவகாசி. அங்கே துணி பற்றிய விதி வேறு. பட்டாசு ஆலைக்குள் நைலானும் பாலியெஸ்டரும் கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். பாலியெஸ்டரை ஓட்டக்காரிக்கு உகந்ததாக ஆக்குகிற அதே குணம், ஈரம் ஏற்காத குணம், அதில் மின்னேற்றத்தைத் தங்கவைக்கிறது. மருந்து உலர்ந்து கிடக்கும் அறையில் ஒரு சிறு பொறி போதும். காலணியில் இரும்பு ஆணி இருக்கக்கூடாது. வெயில் ஏறுமுன் மருந்துக் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். விதி சரியானதே. ஆனால் விலை குறைந்த சேலை என்றாலே இன்று பாலியெஸ்டர்தான்; நல்ல பருத்திச் சேலை ஒன்றின் விலைக்கு அதில் மூன்று வாங்கலாம். சேலைக்கு மேலே வீட்டு ஆம்பிளையின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். விளையாட்டு ஆடை என்று சொல்லி ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கப்படும் அந்த நூலிழையும், முந்நூறு ரூபாய்ச் சேலையில் இருக்கும் இழையும் ஒன்றே. ஒருத்திக்கு அது தொழில்நுட்பம், இன்னொருத்திக்கு விதிமீறல்.

அந்த ஊரில் ஓட்டம் என்ற சொல்லுக்கும் பொருள் வேறு. மருந்து கையாளும் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதும், அறைக்குப் பல பக்கமும் கதவு வேண்டும் என்பதும் எதற்காக? ஏதாவது நடந்தால் உள்ளே இருக்கிறவள் ஓடுவதற்காக. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததும், 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்ததும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. அனுமதித்ததைவிட அதிக ஆள், அனுமதித்ததைவிட அதிக மருந்து என்று விபத்துக்கு விபத்து அதே சொற்களைப் படித்துவருகிறோம். 'ஓடுவதற்கு என்ன வேண்டும்?' என்ற கேள்வியை உலகத்திலேயே மிகத் துல்லியமாகக் கேட்க வேண்டியவர்கள் இந்தப் பெண்கள். பெட்டி அடுக்கி அடைக்காத கதவு, அறையில் ஐந்தாவது ஆள் இல்லாமை, வெளியே கால் தடுக்காத தரை. இப்படி ஒரு பட்டியலை எந்த இதழும் போட்டு நான் பார்த்ததில்லை. அதே சிவகாசியில் அச்சாகும் பட்டாசுப் பெட்டியின் மேல், பட்டுடுத்திய பெண் கையில் கம்பி மத்தாப்போடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

இனி ஷூ. 'ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், அது முதலீடு' என்பது இந்தக் கட்டுரைகளில் தவறாமல் வரும் வாக்கியம். தென்மாவட்டங்களில் செருப்பு முதலீடாக இருந்ததில்லை, அனுமதியாக இருந்தது. ஆதிக்க சாதித் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்ன ஊர்கள் இங்கே உண்டு. மேலாடைக்கும் அதே கதைதான். தோள்சீலைக்காகத் தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் பல பத்தாண்டு போராடிய பிறகே 1859-இல் அரசாணை வந்தது. காலில் என்ன போடுகிறாள், மார்பில் என்ன போடுகிறாள் என்பது சந்தை பேச வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே சாதி பேசி முடித்த பொருள்.

2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சிப் பக்கம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டரில் தங்கம் வென்றார். நேரம் 2 நிமிடம் 2.70 நொடி. ஆனால் தமிழ்நாடு பகிர்ந்துகொண்டது நேரத்தை அல்ல, அவருடைய கிழிந்த ஷூவின் படத்தை. வறுமைக்குப் படம் கிடைத்த மகிழ்ச்சி நமக்கு. மறுவருடம் ஊக்கமருந்து விதியின்கீழ் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை வந்து பதக்கமும் போனபோது, ஷூவுக்காக உருகியவர்கள் பலரிடம் சொல் எதுவும் இல்லை. அதே தோஹாவில், அதே 800 மீட்டரில், 2006 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அவருடைய பதக்கத்தைப் பறித்தார்கள். பின்னர் அவரும் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. இரண்டு நிகழ்வும் ஒன்றல்ல, ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். ஆனால் இரண்டிலும், ஓடி முடித்தவளின் உடலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் ஒரு கேசாதிபாதம் நடந்திருக்கிறது. 800 மீட்டருக்கே அப்படி ஒரு ராசி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் அதை ஓடியபின், அவர்கள் உடம்புக்கு அது ஆகாது என்று எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-இல்.

(சாந்தியின் கதையை நினைவூட்டும் கிளைக்கதை 2013-இல் வந்த 'எதிர்நீச்சல்' படத்தில் உண்டு. ஓட்டம் பறிபோனவள் பயிற்சியாளர் ஆகிறாள். மாரத்தான் ஓடிக் கைதட்டு வாங்குவது கதாநாயகன். அவளுடைய இழப்பு அவனுக்கு ஷூவாகப் பயன்பட்டது.)

அந்த முதலீட்டுப் பொருளைச் செய்கிறவர்களும் தமிழ்ப் பெண்கள்தான். செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்காகக் காலணி தயாரிக்கும் தைவான் நிறுவனத்தின் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். எந்தப் பட்டியலிலும் 'எங்கே, யார் தைத்தது' என்ற வரி வருவதில்லை. எடை எத்தனை கிராம் என்று வருகிறது.

தண்ணீர், உப்பு விஷயத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. நீர்மோரும் நீராகாரமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் உப்புக்கரைசல் பொட்டலமும் இருக்கிற ஊரில் இறக்குமதிக் களிம்புப் பை தேவையில்லை. தொடை உரசலுக்குத் தேங்காயெண்ணெய் போதும். இங்கே மலிவாகக் கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்று, நேரம். வெயிலுக்கு முன் ஓடுங்கள், அதிகாலை ஐந்து மணி சிறந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஆறரைக்குள் சோறு வடித்து, ஏழு மணிக்குப் பட்டாசு ஆலை வண்டிக்கு நிற்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை வாங்கித் தருகிற ஆள் வீட்டில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம். தெருவிளக்கு எரியாத இடத்தில் ஒளிரும் பட்டை அணியச் சொல்வதும் அப்படித்தான். வண்டியில் வருகிறவனுக்குத் தெரிவதற்காகச் சொல்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் ஓடிவிட்டு வந்தால் போதும் என்றே எங்கள் பெண்கள் நினைக்கிறார்கள்.

சென்ற கோடையில் முதலாமாண்டு மாணவிகளிடம் இப்படி ஒரு கட்டுரையைக் கொடுத்து, அவரவர் பட்டியலை எழுதச் சொன்னேன். பாதாதிகேச வரிசை கட்டாயமில்லை என்றேன். ஊக்கு, தம்பியின் பழைய டிசர்ட், நழுவாத நாப்கின், மைதானத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, கூட ஓடுவதற்கு இன்னொரு பெண் என்று வந்தன. விலை எழுத வேண்டிய இடத்தைப் பெரும்பாலோர் காலியாக விட்டிருந்தார்கள். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிற ஒரு பெண் மட்டும் முதல் வரியாக 'பருத்தி' என்று எழுதி, ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம் மேடம் என்றாள்.