கையறுநிலையும் தேர்தல் மேடையும்

மாண்டோர்பொருட்டு எஞ்சி நின்றோர் புலம்புதலைக் கையறுநிலை என வகுத்த தொல்காப்பியம், நிலையாமை கூறும் காஞ்சித் திணையுள் அதனை அடக்கிற்று. ஆயினும் அப்புலம்பல் உலகியற் பயனின்றி ஒதுங்கி நின்றதன்று. பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்ற கபிலர், மறைந்த வள்ளலின் புகழை எடுத்துரைத்தே அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார். இருவரும் இசைந்திலர். புகழுரை ஈண்டு ஒரு கருவியே; ஆனால் அதனாற் பயன்பெற வேண்டியவர் ஆதரவற்ற மகளிர். புலவர் தமக்கென எதனையும் கேட்டாரல்லர்.

இவ்வளவுகோலை இலங்கை அரசியலில் வைத்து நோக்குதல் தகும். 1952 மார்ச் 22 இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா காலமானார். மைந்தர் டட்லி நான்கு நாள்களிற் பதவியேற்றார். மே மாதத்திலேயே தேர்தல் நடைபெற்றது. துயர் ஆறுமுன் வாக்குக் கேட்கப்பட்டது. 1947 இல் 42 ஆசனங்களே பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, இம்முறை 95 இல் 54 ஆசனங்களைக் கைப்பற்றியது. வெற்றிக்குக் காரணங்கள் பல. அனுதாபம் அவற்றுள் ஒன்றென்பதை மறுப்பாரிலர்.

மறைந்தவருக்குச் சூட்டப்பெற்ற 'தேசபிதா' என்னும் பட்டம் ஆராயத்தக்கது. தந்தை என்றதும் மக்கள் என்னும் உறவு தானே வந்தமைகின்றது. தந்தையை இழந்த இல்லத்தில் மைந்தன் பொறுப்பேற்றல் இயல்பன்றோ? பதவியுரிமை இங்ஙனம் வாதமின்றியே நாட்டப்படுகின்றது. உருவகம் வாதிடுவதில்லை, ஆதலின் மறுத்துரைக்கவும் இடந்தருவதில்லை. ஆயின், அவ்வில்லத்தின் மக்கள் யாவர்? அவரது அரசு 1948 இல் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றோராயினர். இரத்தோட்டை மலைச்சரிவுகளில் தேயிலையும் கொக்கோவும் வளர்த்து, லயன் அறைகளில் வாழ்ந்த தொழிலாளரும் அச்சட்டத்துக்குத் தப்பினாரல்லர். தந்தையின் பெயரால் வாக்குக் கேட்கப்பட்ட தேர்தலில் அவர்களுள் மிகப் பலருக்கு வாக்கே இருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் இலங்கை இந்தியன் காங்கிரசார் இதன்பொருட்டுக் கொழும்பிற் சத்தியாக்கிரகம் தொடங்கினர். புகழ்மாலையும் முறையீடும் ஒரே நகரில், ஒரே பருவத்தில் ஒலித்தன.

எட்டாண்டுகளின் பின் உத்தி மேலும் நுண்மையுற்றது. 1959 செப்டெம்பர் 26 இல் பிரதமர் பண்டாரநாயக்கா துப்பாக்கிக் காயத்தால் இறந்தார். 1960 ஆம் ஆண்டுத் தேர்தற் கூட்டங்களில் அவரது சொற்பொழிவுகளின் ஒலிப்பதிவுகள் ஒலிபரப்பப்பட்டன. புகழ்வோரும் வேண்டப்படாராய், மாண்டவர் குரலே வாக்குக் கேட்டது! 1957 இல் செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தத்தை 1958 ஏப்ரலிற் கைவிட்டது ஏன் என அக்குரலை எதிர்நின்று வினவுதல் எவர்க்கும் இயலாது. ஜூலைத் தேர்தலில் சிறீ லங்கா சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது; அவர்தம் துணைவியார் திருமதி சிறிமாவோ 21 ஆம் நாள் பிரதமராகப் பதவியேற்றார்.